சுற்ற மறுக்கும் ஜீப் இன்ஜின்: எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

பழைய ஜீப் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "இன்ஜின் கொஞ்சம் ஜாம், வேற ஒண்ணும் இல்ல." அந்தக் 'கொஞ்சம்' என்பதற்குள் பேட்டரி முனையைச் சுரண்டும் வேலையும் இருக்கலாம், கிராங்க் ஷாஃப்டையே (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மாற்றும் வேலையும் இருக்கலாம். நான் வாங்கிய மஹிந்திரா எம்எம் 540 போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் ஆறு வருஷம் நின்றது. பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. அதைச் சுற்ற வைக்க எனக்கு 19 நாள் ஆனது. அதில் முதல் வாரம், எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமலே பலத்தைக் காட்டியதில் போனது.

எங்கள் பக்கத்து வயதான ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒன்று கேட்பார்: "தம்பி, ஓடும்போது பிடிச்சுதா, நிக்கும்போது பிடிச்சுதா?" இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நின்று பிடித்த இன்ஜினில் பெரும்பாலும் துரு; ஊறவைத்தால் வழிக்கு வரும். ஓடிப் பிடித்த இன்ஜினில் உலோகம் உலோகத்தோடு உரசியிருக்கும். அதில் எண்ணெய் ஊற்றி எத்தனை நாள் காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கீழே வரும் அறிகுறிகளைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அசையவே இல்லை

இது இன்ஜினாகவே இல்லாமல் போகலாம். கியர் லீவரை நியூட்ரலில் போடுங்கள். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் லீவரையும் (இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டியின் லீவர்) நியூட்ரலில் போடுங்கள். இப்போதும் தள்ளினால் நகரவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டிகளில் இது சர்வசாதாரணம். டிரம்மைச் சுற்றிலும் சுத்தியால் தட்டினால் பல சமயம் விட்டுவிடும்.

கிளட்ச் பிளேட்டும் இப்படித்தான் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது இன்ஜின் சுற்றும், கிளட்சை மிதித்தாலும் கியர் மட்டும் விழாது. அது வேறு தலைவலி, இங்கே வேண்டாம்.

செல்ஃப் அடித்தால் 'டக்', அதோடு சரி

நல்ல பேட்டரி ஒன்றை வைத்து, மீட்டரை அதன் இரண்டு முனைகளிலும் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வோல்ட் 12-ஐ ஒட்டியே நின்று 'டக்' மட்டும் கேட்டால், மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), கேபிள், இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை என்று போய்ப் பாருங்கள். பழைய ஜீப்பில் அந்த எர்த் பட்டை பச்சையாகப் பூத்துப் போயிருக்கும், அல்லது யாராவது கழற்றிவிட்டு மாட்டாமலே விட்டிருப்பார்கள். பேட்டரி நன்றாக இருந்தும் வோல்ட் எட்டு, ஒன்பது என்று விழுந்தால் மோட்டார் முழுக் கரண்டையும் இழுத்துக்கொண்டு திணறுகிறது. அப்போதுதான் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்போதும் அது இன்ஜின்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். செல்ஃப் மோட்டாரின் பினியன் (முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியர் பல்லில் குறுக்காக மாட்டிக்கொண்டாலும் இதே 'டக்'தான். டாப் கியரில் போட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை ஹையில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'களுக்' என்று விடுபட்டால் சரி. விடவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரையே கழற்றிவிடுங்கள். எப்படியும் அது இருந்த ஓட்டை நமக்குத் தேவைப்படும். ஃபேன் பெல்ட்டையும் கழற்றுங்கள். டைனமோவோ வாட்டர் பம்போ பிடித்திருந்தால் பெல்ட்டைக் கழற்றியதும் தெரிந்துவிடும்.

இப்போது புல்லி நட்டில் பெரிய பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முன்னாலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றும் திசையில் அழுத்துங்கள். சிஜே 3பி போன்ற பழைய பெட்ரோல் ஜீப் என்றால் பம்பர் வழியாகவே ஹேண்டில் போடலாம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றிப் பிடிக்க வேண்டாம். இன்ஜின் எதிர்த்து அடித்தால் முதலில் போவது கட்டைவிரல்தான்.

அழுத்திய பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். தாராளமாகச் சுற்றினால் உங்கள் இன்ஜின் ஜாமே இல்லை. கழற்றிய செல்ஃபை பெஞ்சில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சுற்றி ஓரிடத்தில் முட்டலாம். அல்லது மயிரிழைகூட அசையாமல் இருக்கலாம்.

கொஞ்சம் சுற்றுகிறது, ஓரிடத்தில் முட்டி நிற்கிறது

புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எந்த இடத்தில் முட்டுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்த் திசையில் சுற்றுங்கள். புல்லி நட்டைப் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றினால் நட் கழன்றுவிடும். அதனால் செல்ஃப் மோட்டார் ஓட்டை வழியாக ரிங் கியர் பல்லில் ஒரு நெம்புகோலைக் கொடுத்துத் தள்ளுவதே நல்லது. பல்லின் நுனியில் கொடுத்தால் பல் போய்விடும், அடியில் கொடுங்கள்.

முன்னும் பின்னும் தாராளமாகப் போய், ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுவரில் மோதுவதுபோல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர். ஆற்றில் இறங்கியபோது ஏர் கிளீனர் வழியாகப் போயிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் ஓட்டையில் கசிந்திருக்கலாம், ஒழுகும் இன்ஜெக்டரிலிருந்து டீசலே வந்து தேங்கியிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. எக்ஸ்டிபி இன்ஜினில் ஒரு சிலிண்டர் 528 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 20-க்கு மேல். அதாவது பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 25 மில்லிதான். டீக்கடைக் கிளாஸில் கால் கிளாஸ் தண்ணீர் போதும், இன்ஜின் கல்லாக நின்றுவிடும். சிஜே 3பியின் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜினும் ஏறக்குறைய இதே அளவுதான், 2.2 லிட்டர். ஆனால் அதன் விகிதம் ஏழை ஒட்டித்தான் இருக்கும், உச்சியில் நிறைய இடம் மிஞ்சும். ஒரே ஓடையில் இறங்கிய இரண்டு ஜீப்பில் டீசல் மட்டும் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைத்தியம் சுலபம். நான்கு இன்ஜெக்டரையும் (பட்டறையில் நாஸில் என்பார்கள்) கழற்றுங்கள். ஹீட்டர் பிளக்கையும் (குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சூடேற்றும் பிளக்) எடுத்துவிடுங்கள். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக். பிறகு கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். எல்லாம் வெளியேறியதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு அன்றே சுற்றிவிட வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் துருப்பிடித்த இன்ஜின் கையில் கிடைக்கும்.

இதோடு முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடித்து நின்ற இன்ஜின் என்றால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். ஹெட்டை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து பிளாக் மட்டத்திலிருந்து உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று ஒரே அளவாக இருந்து ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் அந்த ராடு போய்விட்டது. அதை அப்படியே ஓட்டினால் ஒரு நாள் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். டிப் ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. கேஸ்கெட்டைப் பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

இன்ஜெக்டரை எல்லாம் கழற்றிய பிறகும் அதே இடத்தில் 'டங்' என்று இரும்புச் சத்தத்தோடு முட்டினால் உள்ளே ஏதோ கிடக்கிறது. உடைந்த வால்வு முனை, ஹீட்டர் பிளக்கின் நுனி, ஒரு சமயம் ஏர் கிளீனரின் பட்டாம்பூச்சி நட்கூட. ஹெட்டை இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

நின்ற வண்டி, மயிரிழைகூட அசையவில்லை

என் ஜீப் இந்த வகை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த நிலையில் நின்றாலும் நாலு சிலிண்டர் இன்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வழியாக சைலன்சரிலிருந்தோ ஏர் கிளீனரிலிருந்தோ ஈரக்காற்று உள்ளே போகும். போடிமெட்டுப் பக்கம் மூடுபனிக்கும் மழைக்கும் பஞ்சம் இல்லை. ஆறு வருஷம் அந்த ஈரம் லைனரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் உறை) உட்கார்ந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் ஒன்றாகிவிடும். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர்தான் பிடித்திருக்கும். இன்னொன்று, நாலு சிலிண்டர் இன்ஜின் அணைந்து நிற்கும்போது பிஸ்டன்கள் பொதுவாகப் பாதி தூரத்தில்தான் நிற்கும். அதனால் துரு, பிஸ்டனுக்கு மேலே தெரியும் லைனர் சுவரில் இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் இன்ஜெக்டர், ஹீட்டர் பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துருப்பிடித்த ஹீட்டர் பிளக்கை முறுக்கி உடைத்துவிட்டு அதன் துண்டைத் தேடி அலைய வேண்டாம். முந்தைய நாளே சுற்றிலும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

ஊறவைக்க என்ன ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் தானாகக் கலக்காது, ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயின்டைத் தின்றுவிடும், சட்டெனத் தீப்பிடிக்கும். பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறவர்களை எட்ட நிறுத்துங்கள். அசிட்டோன் கிடைக்கவில்லை என்றால் டீசலும் ஏடிஎஃப்பும் போதும், நாள் கூடுதலாகும். ஆசிட், காஸ்டிக் சோடா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிஸ்டன் அலுமினியம். காஸ்டிக் சோடா துருவை விட்டுவிட்டு பிஸ்டனைக் கரைக்கும்.

எவ்வளவு ஊற்றுவது என்பது இன்ஜினைப் பொறுத்தது. எக்ஸ்டிபியில் இன்ஜெக்டர் ஓட்டை நேராக சிலிண்டருக்குப் போகாது, ஹெட்டில் உள்ள சிறிய அறைக்குப் போய் ஒரு குறுகிய கழுத்து வழியாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் வெளியே வழியும். மஹிந்திராவின் 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) இன்ஜினில் ஓட்டை நேராகப் போகும், ஆனால் பிஸ்டன் தலையிலேயே கிண்ணம்போல் குழி இருக்கும். முதல் 25, 30 மில்லி அந்தக் கிண்ணத்தை நிரப்பத்தான் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு ஊற்றுவதுதான் ஓரத்துக்கு வழிந்து ரிங்கைத் தொடும். "நாலு நாள் ஊறவெச்சேன், ஒண்ணும் ஆகல" என்கிறவர்களில் பலர் கிண்ணத்தை மட்டும் ஊறவைத்தவர்கள்.

ஜீப்பில் இன்ஜின் கொஞ்சம் பின்னால் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். அதனால் எண்ணெய் பிஸ்டனின் பின்பக்க ஓரத்தில் தேங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வையுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம். தினமும் ஒரு கம்பியை விட்டு எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். என் வண்டியில் 1, 2, 4-ல் ஒரே ராத்திரியில் வடிந்துவிட்டது. மூன்றாவதில் நாலு நாள் ஆகியும் அப்படியே நின்றது. சும்மா வடிவது திறந்த வால்வு வழியாகவும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சிலிண்டர் என்பதற்கு இது நல்ல துப்பு.

பலம் காட்டும் கதைக்கு வருவோம். முதல் வாரம் நான் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, இரண்டு பேரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இன்ஜின் அசையவில்லை, நட்டும் தெறிக்கவில்லை, நல்லவேளை. புல்லி நட் தெறித்திருந்தால் கிராங்க்கின் முனையே போயிருக்கும். அந்த ஃபிட்டர் அண்ணன் வந்து பார்த்து, பைப்பை ஒரு மீட்டருக்கு வெட்டச் சொன்னார். அதன் முனையில் 20 லிட்டர் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டார். "இது ராத்திரி பூரா இழுக்கட்டும். நீ போய்த் தூங்கு" என்றார். மனுஷன் கொடுக்கும் வெட்டு இழுப்பைவிட விடாமல் இருக்கும் மெல்லிய பாரம்தான் துருவுக்கு ஒத்துவரும். பகலில் ஒரு தடவை வாளியை எடுத்துவிட்டு, ரிங் கியர் பக்கம் நெம்புகோல் கொடுத்து எதிர்த் திசையில் தள்ளுவோம். அப்புறம் மறுபடி வாளி. கையால் அழுத்தினாலும் ஒரு மீட்டர் பைப்பில் 40 கிலோ எடைக்கு மேல் நாங்கள் போகவில்லை.

சூடும் உதவும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ரேடியேட்டரில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். கொதிக்கும் நீர் அல்ல, கை பொறுக்காத சூடு. சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்கும்போது துருவில் விரிசல் விழும், எண்ணெய் உள்ளே இறங்கும்.

பத்தொன்பதாவது நாள் காலையில் பார்த்தால் வாளி தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பைப் சாய்ந்திருந்தது. சத்தமே கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் முழுச் சுற்று சுற்றத்தான் கை பரபரக்கும். அடக்குங்கள். துரு பிஸ்டனுக்கு மேலே இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா? பிஸ்டன் மேலே ஏறினால் ரிங் அந்தத் துருவின் மேல் ஏறும், உடையலாம், லைனரைக் கீறலாம். பிடித்திருந்த பிஸ்டன் கீழே இறங்கும் திசையில் முதலில் போங்கள். 1-ம் 4-ம் ஒன்றாக ஏறும், 2-ம் 3-ம் ஒன்றாக இறங்கும் என்ற கணக்கு இங்கே உதவும். எக்ஸ்டிபியில் இன்ஜெக்டர் ஓட்டை வழியாக லைனரைப் பார்க்க முடியாது. டிஐயில் கம்பி கேமராவை விட்டால் ஓரளவு தெரியும். துரு மெல்லிய படலமாக இருந்தால் எண்ணெய் விட்டு விரல் அளவு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேய்க்கலாம். செதிலாக இருந்தால் ஹெட்டை இறக்கி, நைஸான எமரித் தாளால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் பிஸ்டனை மேலே விட வேண்டும்.

முழுச் சுற்று விடுவதற்கு முன் வால்வு மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் பாருங்கள். பிஸ்டன் மட்டும்தான் துருப்பிடிக்கும் என்று சட்டம் இல்லை. வால்வும் அது ஏறி இறங்கும் கைடில் பிடித்துக்கொண்டு திறந்தபடியே நிற்கும். அப்படி நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும், அல்லது மூடிய வால்வைத் தள்ளப்போய் புஷ் ராடு வளையும். வால்வின் மேல் நுனியில் எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி, மேலும் கீழும் போய் வருகிறதா என்று எட்டையும் பார்த்துவிடுங்கள். ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். பிளாக்கில் இருப்பதற்குப் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும்.

டிராக்டரில் கட்டி இழுத்தால் என்ன?

எல்லோரும் கேட்பது. இழுத்தால் விடுபடவும் கூடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் மஹிந்திரா கமாண்டர் ஜீப் அப்படித்தான் விடுபட்டது, மூன்று புஷ் ராடும் ஒரு வால்வும் வளைந்த பிறகு. இழுப்பதில் உள்ள கோளாறு பலம் அதிகம் என்பது மட்டும் அல்ல. விடுபட்ட நொடியில் நிறுத்த முடியாது. ஸ்பேனரில் விரல் அளவு நகர்ந்ததும் கையை எடுத்துவிடலாம். டிராக்டர் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்ஜின் இருபது சுற்று சுற்றியிருக்கும், ஆயில் இல்லாமல், துருவின் மேலேயே.

மூன்று வாரம் ஆகியும் விடவில்லை

ஹெட்டை இறக்குங்கள். இறக்கியதும் எந்தப் பிஸ்டன் என்று கண்ணுக்கே தெரியும். கருவேலம் அல்லது புளிய மரத்தில், சிலிண்டரைவிடச் சற்றுச் சிறிய உருளைக் கட்டை ஒன்று கடைந்து வாங்குங்கள். எக்ஸ்டிபியின் சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர். கட்டை 85 இருக்கலாம். அதைப் பிஸ்டன் தலையில் முழுதாக உட்கார வைத்து, கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். ஒரே சீராகத் தட்டத் தட்டத்தான் விடும்.

எங்கே நிற்கும் பிஸ்டன் என்பதைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். பாதித் தூரத்தில் நின்றால் அடி கிராங்க்கைச் சுற்ற வைக்கும். உச்சியிலோ அடியிலோ நின்றால் ராடும் கிராங்க்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். எவ்வளவு அடித்தாலும் அது சுற்றாது, அத்தனை அடியும் பேரிங்குக்குத்தான் போகும். அப்போது ஆயில் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, அந்த ராடின் கேப்பைக் கழற்றி, பிஸ்டனைத் தனியாக வெளியே எடுக்க வேண்டியதுதான்.

வெட் லைனர் (வெளிப்பக்கத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் நேராகத் தொடும் லைனர்) உள்ள இன்ஜின் என்றால், ஹெட் இல்லாதபோது லைனரைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது லைனரையும் தூக்கிக்கொண்டு வரும், கீழே உள்ள ரப்பர் சீல் போகும், தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். ஹெட் போல்ட்டில் தடித்த வாஷரும் குழாய்த் துண்டும் போட்டு லைனர்களை அழுத்திப் பிடித்துவிட்டுச் சுற்றுங்கள்.

ஓடும்போது பிடித்தது

சூட்டில் பிடித்ததா, ஆயில் இல்லாமல் பிடித்ததா என்று பிரிக்க வேண்டும்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், சக்தி குறைந்து, கீச்சென்று நின்றிருந்தால் அது சூடு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் வீங்கி லைனரைக் கவ்விக்கொள்கிறது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ரேடியேட்டர் மூடியையும் தொடாதீர்கள். ஆறிய பிறகு பெரும்பாலும் கையால் சுற்றும். சுற்றுகிறது என்பதற்காக ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு ஓட்டி வருவது உங்கள் துணிச்சல். பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் அலுமினியம் உருகி லைனரில் ஈஷியிருக்கும். ஹெட்டை இறக்கிப் பார்த்து, நெடுக்கக் கோடுகள் விரலில் தட்டுப்பட்டால் லேத்தில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள், அல்லது லைனர் மாற்றுங்கள்.

ஆயில் கேஜ் விழுந்து, அடியிலிருந்து 'தட் தட்' என்று சத்தம் வந்து நின்றிருந்தால் பேரிங் போயிருக்கிறது. மேலிருந்து ஊறவைப்பது வீண். ஆயில் சம்ப்பை இறக்கினால் அடியில் பளபளவென்று துகள் கிடக்கும். ராடு கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பைக் கழற்றியதும் சுற்றுகிறதோ அதுதான் குற்றவாளி. நாலையும் கழற்றியும் சுற்றவில்லை என்றால் மெயின் பேரிங். கிராங்க்கைக் கிரைண்டிங் கடைக்குக் கொடுத்து, அவர்கள் எடுத்த அளவுக்கு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் வாங்க வேண்டும். ஆயில் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே வழியில் போகும். பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் அடைப்பு, உடைந்த சம்ப் குழாய் எல்லாம் பாருங்கள்.

விடுபட்டது. இப்போது சாவியைத் திருப்பலாமா?

வேண்டாம். ஊறவைத்த எண்ணெய் எல்லாம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. பழைய ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்டர் மாற்றி, விலை குறைந்த புது ஆயில் ஊற்றுங்கள். எப்படியும் அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு அதையும் வடிக்கப்போகிறோம். இன்ஜெக்டர் ஓட்டைகளின் மேல் பழைய துணியைப் போட்டுவிட்டு, இன்ஜெக்டர் இல்லாமலே செல்ஃபை பத்து பத்து விநாடியாக அடியுங்கள். மிஞ்சிய எண்ணெய் துணியில் தெறிக்கும். ஆயில் கேஜ் முள் எழும்பும் வரை விடாமல் செய்யுங்கள்; முள் எழாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டரில் எண்ணெய் மிச்சமிருக்க, இன்ஜெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தால் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்துத் தறிகெட்டு ஓடும்.

டீசலில் இதைவிடப் பெரிய ஆபத்து, இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்பும் பம்ப். வருஷக்கணக்கில் நின்ற இன்லைன் பம்ப்பில் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டீசல் நிலையிலேயே ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கத்திக்கொண்டு ஏறும், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. பம்ப்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ரேக் விரலால் தள்ளினால் தாராளமாகப் போய் வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்படியும் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூடக் கூடாது, துணியும் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்றி, ஃபீட் பம்ப்பை அமுக்கி, காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிஷம் ஓடட்டும். அணைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். முன்பு இருந்ததைவிட இறுக்கம் கூடவில்லை என்றால் ஐந்து நிமிஷம். அப்புறம் அரை மணி.

ஓடுகிறது, ஆனால் புகை

முதல் ஒரு மணி நேரப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சைலன்சருக்குள் போன எண்ணெய் எரிந்து தீர வேண்டும். கொட்டகைக்குள் மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். அதற்குப் பிறகும் நீலப் புகை நிற்காமல், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் 'புஸ் புஸ்' என்று காற்று அடித்தால் ரிங் சரியாக உட்காரவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலையும் அளங்கள். கேஜ் காட்டும் அளவைவிட நாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நன்றாக ஓட்டலாம். பிடித்திருந்த சிலிண்டர் கொஞ்சம் தாழ்ந்து இருந்தால் உடனே கழற்ற வேண்டாம். சுமையோடு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். பள்ளத்தில் ஒட்டிய ரிங் சூட்டிலும் அசைவிலும் விடுபட்டு, அளவு ஏறிவரக் கூடும்.

இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தால் ஆர்டிஓவில் புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். வாங்கும் முன் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். என் வண்டியில் அந்த அலைச்சலுக்கு இன்ஜின் வேலையைவிட அதிக நாள் பிடித்தது. மூன்றாவது சிலிண்டர் இன்றும் மற்ற மூன்றைவிட ஒரு பிடி தாழ்ந்துதான் காட்டுகிறது. குளிர்காலக் காலையில் ஹீட்டரை இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. ரிங் கியரில் ஒரு பல்லின் ஓரம் இல்லை, அது நெம்புகோலில் காட்டிய பலத்தின் கைங்கரியம். பத்தில் ஒரு தடவை செல்ஃப் அந்த இடத்தில் வழுக்கும். டாப் கியரில் போட்டு ஒரு அடி தள்ளிவிட்டு மறுபடி அடித்தால் எடுத்துக்கொள்கிறது.